மூவகத்தில் கடல் இல்லாமல் போன விதம்

வைஜயந்தி தன் உழைப்பில் பெரும்பகுதியை ஒருநாளும் போகாத ஊர்களின் மலைகளுக்குக் கொடுத்தவள். ஹடப்சரில் ஒரு நிறுவனம் வெளிநாடுகளின் பழைய காகித வரைபடங்களை வாங்கிக் கணினியில் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. புவியியலில் எம்.ஏ. முடித்த கையோடு அவள் அங்கே சேர்ந்தாள். சம உயரக் கோடுகளைத் தொடர்ந்து போவதுதான் வேலை. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் இணைத்துக்கொண்டு மலையைச் சுற்றி வரும் கோடு அது. அதன் மேலேயே சுட்டியை வைத்து, விலகாமல், அது சுற்றி முடிக்கும்வரை கூடவே போக வேண்டும். நார்வேயில் ஒரு பள்ளத்தாக்கு, சிலியில் ஒரு எரிமலை என்று நாள் போகும். ஓடை வரும் இடத்தில் கோடு எந்தப் பக்கம் மூக்கை நீட்டும் என்பது அவளுக்கு அனிச்சையாகத் தெரிந்துவிட்டது.

அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேயில்தான். அப்பா கோவிந்தராஜன் அரக்கோணத்திலிருந்து கட்கி தளவாட ஆலைக்கு வேலைக்கு வந்து, அங்கேயே குவார்ட்டர்ஸில் குடும்பத்தை நிலைநிறுத்தியவர். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் இங்கிலீஷ் என்று மூன்றிலும் அவளுக்கு வாய் ஓயாது. ரயிலில் மும்பை போகும்போதெல்லாம் ஜன்னல் சீட்டுக்காகத் தம்பியோடு சண்டை போடுவாள். லோனாவ்ளாவில் மலை முழுக்கப் பச்சை வழியும். அதே மழைக்காலத்தில் சாஸ்வட் பக்கம் போனால் புல்கூடக் கருகிக் கிடக்கும். ஒரே மலை இந்தப் பக்கம் கொடுத்து அந்தப் பக்கம் மறுப்பது எப்படி என்று கேட்டுக் கேட்டு அப்பாவை நச்சரித்தாள். அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் புவியியல் படித்தேன் என்று பிற்பாடு நேர்முகத் தேர்வுகளில் சொல்வாள். அது முழு உண்மை இல்லாவிட்டாலும் கேட்க நன்றாக இருந்தது.

ஒரு கட்டத்தில் மென்பொருளே கோடுகளை வரையக் கற்றுக்கொண்டது. அவளோடு சேர்த்து ஒரு அறை நிறைய ஆட்களை நிறுவனம் வீட்டுக்கு அனுப்பியது. வைஜயந்தி அழவில்லை. வேலை போனது அவளைவிட அவள் கணவன் சபரியைத்தான் அதிகம் வாட்டியது. ஹடப்சர் தொழிற்பேட்டையில் பற்சக்கரம் செய்யும் ஆலையில் தரப் பரிசோதகர் அவர். தினமும் வேலையிலிருந்து வந்ததும், இன்று எங்காவது விண்ணப்பித்தாயா என்று கேட்பதற்குத் தயங்கி, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்வார். அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு அவளும் தினமும் பதில் சொன்னாள்: எனக்குத் தெரிஞ்ச வேலை ஊர்ல யாருக்காவது வேணும், அவங்க இன்னும் என்னைக் கண்டுபிடிக்கல, அவ்வளவுதான்.

கண்டுபிடித்தது இஸ்மாயில். பழைய நிறுவனத்தில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரன். அவளுக்கு முன்பே அங்கிருந்து விலகி, மகர்பட்டாவில் கணினி விளையாட்டு செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் நிலக்காட்சி வரைபவனாகச் சேர்ந்திருந்தான். அவளை அக்கா என்கிற பொருளில் மராத்தியில் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவான். தாயி, நாங்கள் ஒரு உலகம் செய்கிறோம், பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் ஏதோ பொய்யாக இருக்கிறது, எது என்று எனக்குப் பிடிபடவில்லை, ஒருமுறை வந்து பாருங்கள் என்றான்.

போனாள். திரையில் மலை, காடு, ஆறு எல்லாம் இருந்தன. ஆறு நடுவழியில் இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை கிழக்கேயும் இன்னொன்று மேற்கேயும் ஓடியது. மலையில் ஆறுகள் ஒன்றுசேருமே தவிர இப்படிப் பிரியாது. அவள் பார்த்துச் சிரித்தாள். இஸ்மாயிலும் சிரித்துவிட்டு, அது தனக்கும் தெரியும், அதைத் திருத்தினாலும் பொய் போகவில்லை என்றான். நிறுவனத்தை நடத்திய பத்ரி சென்னைக்காரன், அவளைவிடப் பத்து வயதாவது இளையவன். இணையாக இருக்கும் உலகங்கள் மூன்று, வீரன் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவான், அதுதான் விளையாட்டு என்று விளக்கினான். மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டாள். சம்பந்தம் எதுவும் இல்லை, மூன்றும் வேறு வேறு என்றான் பத்ரி.

அங்கேதான் பொய் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. மறுநாள் அலுவலகத் தோட்டத்திலிருந்து கரடுமுரடான ஒரு கல்லை எடுத்துவந்து, சமையலறைப் பாத்திரம் ஒன்றில் வைத்து, கூட்ட மேசையின் நடுவில் நிறுத்தினாள். கல் காய்ந்திருந்தால் ஒரு உலகம். அதன் மேல் பாசி படர்ந்தால் இன்னொரு உலகம். பாதிக் கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றினால் மூன்றாவது உலகம். மலை ஒன்றேதான். பாசி படர்ந்ததற்குச் சாரல் என்று பெயர் வைத்தாள், காய்ந்ததற்கு, தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடுகளின் பெயரான தேரி, மூழ்கியதற்கு ஆழி. மூன்றும் சேர்ந்து மூவகம். சாரலில் மலைமுடி ஒரு காட்டூர் என்றால், தேரியில் அதே முடி செம்மணல் நடுவே ஒரு கோட்டை. ஆழியில் அது கடலில் நிற்கும் தீவு.

ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எங்கே போவது என்று பத்ரி கேட்டான். அவள் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கல்லில் ஈரம் முடிந்த இடத்தை விரலால் சுற்றிக் காட்டினாள்.

“இதோ, இந்தக் கோட்டுல. ஆழியோட கரை எந்த உயரத்துல இருக்கோ, அந்த உயரத்துல மட்டுந்தான் மூணும் ஒண்ணை ஒண்ணு தொடும். அங்கங்க துறை இருக்கும். படகுல வந்து துறையில ஏறினா சாரல் மலைச்சரிவுல நிப்பீங்க. இல்லன்னா தேரியில.”

“மலை மேல துறைமுகமா அக்கா?”

“ஆமா. மலை மேலதான்.”

பத்ரியும் கல்லின் ஈர விளிம்பை விரலால் சுற்றிப் பார்த்தான். அன்று மாலையே அவளுக்கு வேலை உறுதியானது.

அதன் பிறகு வந்த இரண்டு வருஷங்களைத் தன் வாழ்க்கையிலேயே நல்ல வருஷங்கள் என்று வைஜயந்தி சொல்வாள். மற்றவர்களின் மலைகளைப் பின்தொடர்ந்து கொண்டிருந்தவளுக்கு, கோடு எங்கே போக வேண்டும் என்று தானே முடிவு செய்யும் காலம் வந்தது. ஆழியின் மூடுபனி விடியற்காலையில் துறைகள் வழியாக நுழைந்து, சாரலின் மலையேறி மழையாகும். அந்த மழைதான் சாரலின் எட்டு ஆறுகள். தேரியில் துறைகள் மலையின் மறுபக்கம் இருப்பதால் பனி ஏறுவதற்குள் காய்ந்துவிடும். அதனால் அங்கே மணலும் இரும்பும்தான். ஆழித் தீவுகளில் விறகு கிடையாது. ஆகவே சாரலின் மரத்தை வாங்கி, துறைகளுக்குச் சாரல் பக்கத்திலேயே விளக்குத் தூண்களில் தீ எரித்தார்கள். வெளிச்சம் துறை வழியாக அந்தப் பக்கக் கடலில் விழும். மீனுக்கு மரம், மரத்துக்கு இரும்பு, இரும்புக்கு மீன் என்று மூன்று உலகங்களுக்கும் ஆயிரம் ஆண்டு வியாபாரம் நடந்தது. நிலம் தெரிந்துவிட்டால் வரலாறு தானாக வரும் என்பது அவள் கட்சி. எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே ஊர் இருக்கும், எங்கே வழி குறுகுகிறதோ அங்கே சுங்கம் இருக்கும், எங்கே சுங்கம் இருக்கிறதோ அங்கே சண்டை இருக்கும்.

அலுவலகத்தில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. ‘ழ’ அவர்கள் வாயில் நுழையவே இல்லை. ஆழி சிலருக்கு ஆளி, சிலருக்கு ஆலி. அவள் திருத்திப் பார்த்துவிட்டு, பிறகு அதையும் வரலாற்றில் சேர்த்தாள்: தேரிக்காரர்கள் ஆளி என்பார்கள், சாரல்காரர்கள் ஆலி என்பார்கள், கடல்காரர்கள் மட்டும்தான் சரியாகச் சொல்வார்கள். குரல் கொடுக்க வந்த நடிகர்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது வருஷத் தொடக்கத்தில்தான் இடி விழுந்தது. முதலீடு செய்திருந்த வெளிநாட்டு நிறுவனம் வேலையைப் பார்வையிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த வேகத்தில் முடியாது, ஒரு உலகத்தை எடுத்துவிடுங்கள் என்றது. கடலும் படகும் அலையும் செய்வதற்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது. ஆகவே ஆழி போக வேண்டும். பத்ரி எல்லோரையும் கூட்டி, முகம் கறுத்துப்போய் இதைச் சொன்னான். இரண்டு உலகம் போதும், விளையாடுகிறவர்களுக்கு மூன்றாவது ஒன்று இருந்ததே தெரியாது என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

வைஜயந்தி தலையாட்டவில்லை.

“பத்ரி, கடலை எடுங்க, நான் வேணாங்கல. ஆனா சாரல்ல மழை எங்கேருந்து வரும்?”

“யாரு அக்கா அதைக் கேக்கப் போறாங்க?”

“ஆத்தங்கரையோட மேல நடந்து போறவன் கேப்பான். எட்டு ஆறு எங்கேருந்து வருதுன்னு பார்க்க ஒருத்தனாவது போவான்.”

போகிற வழியில் நாலு அரக்கர்களை நிறுத்திவிட்டால் மழையைப் பற்றி யோசிக்க மாட்டான் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் பேசுவது அவள் வழக்கம் இல்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் ஏற மனமில்லாமல் ஹடப்சர் பக்கம் கால்வாய்க் கரையோடு நடந்தாள். பராமரிப்புக்காகத் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். கால்வாய் அடிவரை காய்ந்து கிடந்தது. உள்ளே இறங்கும் படிகள் அப்படியே இருந்தன. துணி துவைத்துத் துவைத்து வழவழப்பாகிப்போன கற்கள் இருந்தன. அந்தக் கற்களின் மேல் இரண்டு பெண்கள் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இல்லை, ஆனால் பார்க்கிற யாருக்கும், இங்கே தண்ணீர் ஓடும், இந்த உயரம்வரை ஓடும், இந்தப் பக்கமாக ஓடும் என்பது சொல்லாமலே விளங்கும். சுவரில் பச்சைக் கறை எங்கே முடிகிறது என்று அவள் நின்று பார்த்தாள். நேராக, ஒரே உயரத்தில், கண்ணுக்கு எட்டியவரை போயிற்று.

கடலை வரைய வேண்டாம். கடல் இருந்த இடத்தை வரைந்தால் போதும்.

அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. ஆனால் அது பாதிதான். துறைகள் மூடிப்போயின என்றால், மூடியது யார், ஏன்? மூடிய பிறகும் மழை எப்படி? வீட்டுக்குப் போனதும் சபரியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். கடைசியில், தங்கள் ஆலையில் ஒரு வாயிலை நிரந்தரமாக மூடினால் முதலில் கேட்கப்படும் கேள்வி, உள்ளே இருப்பவர்கள் மூடினார்களா, வெளியே இருப்பவர்கள் மூடினார்களா என்பதுதான் என்றார். வைஜயந்தி இதுவரை சாரலும் தேரியும்தான் மூடியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே, கடலில் இருந்தவர்களை அவள் நினைக்கவே இல்லை.

அடுத்த வாரம் பத்ரியின் முன் உட்கார்ந்தாள். பத்ரிக்கும் ஒரு கதை தயாராக இருந்தது. கறுப்பு அரசன் ஒருவன் மந்திரத்தால் துறைகளை மூடிவிட்டான். வீரன் அவனைக் கொன்றால் ஆட்டம் முடிந்தது. அவள் அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு தன்னுடையதைச் சொன்னாள். சாரலும் தேரியும் நூறு ஆண்டுகள் சண்டை போட்டன. உலகங்கள் தொடும் அந்தக் கோட்டோடு மலையைச் சுற்றித் தனி ஆள் போகலாம், படை நடத்த முடியாது. குறுக்குவழி கடல்தான். இரண்டு பக்கத்துப் படையும் ஆழித் தீவுகளில் ஏறி, இறங்கி, எரித்து, அந்தப் பக்கம் போனது. தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத சண்டையில் கடல்காரர்கள் மூன்று தலைமுறையைப் பறிகொடுத்தார்கள். கடைசியில் எல்லாத் தீவுகளும் கூடிப் பேசி, ஒரே பருவத்தில் ஒவ்வொரு துறையிலும் கல்லை அடுக்கி உள்ளிருந்து மூடினார்கள்.

“அப்ப மழை?”

“சுவர்ல விரிசல் விட்டிருக்காங்க. ஆள் நுழைய முடியாது. பனி நுழையும்.”

“ஏன் விடணும்? இவங்க அவ்வளவு பண்ணினதுக்கு அப்புறம்?”

“அவங்க சண்டையைத்தான் நிறுத்தினாங்க பத்ரி. மழையை நிறுத்தல.”

பத்ரி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அப்படியானால் வில்லன் யார், வீரன் யாரோடு சண்டை போடுவான் என்று கேட்டான். சாரல்காரன் தேரிக்காரன்தான் மூடினான் என்பான், தேரிக்காரன் சாரல்காரன்தான் என்பான், அதிலேயே எத்தனை சண்டை வேண்டுமானாலும் இருக்கிறது என்றாள். அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பல நாள் இழுபறி நடந்தது. கறுப்பு அரசனை அவள் உள்ளே விடவில்லை. ஆனால் துறை மூடியபோது இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட கடல் பூதம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று பத்ரி பிடிவாதமாக நின்றான். அதை அவள் விட்டுக்கொடுத்தாள். தண்ணீரில்லாத ஊரில் அது எதைத் தின்று பிழைக்கிறது என்று மட்டும் கேட்டு, தேரியின் உப்புப் பாறைகளை நக்கிப் பிழைக்கிறது என்று அவளே எழுதினாள். அப்படி எழுதிய பிறகு அந்தப் பூதத்தைக் கொல்லச் சில பேருக்கு மனசே வரவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

இஸ்மாயில் ஊர்களை மாற்றி வரைந்தான். மலைச்சரிவில் சம உயரத்தில் வரிசையாகச் சுவர்கள். ஒவ்வொன்றின் முன்னும் படகு கட்டும் கல்தூண், கயிறு அறுத்த தடத்தோடு. விடியற்காலையில் விரிசல்களிலிருந்து பனி கசிந்து மேலே ஏறும். படகோட்டிகளின் வம்சத்தார் இன்னும் பிள்ளைகளுக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுப்பார்கள், வெறும் காற்றில். அலையும் படகும் வேண்டியிராததால் வேலை குறித்த காலத்தில் முடிந்தது.

விளையாட்டு வெளியான அன்று மாலை சபரி முதன்முதலாகக் கணினி முன் உட்கார்ந்தார். வாளை உருவத் தெரியவில்லை. இரண்டாவது நிமிஷமே ஓநாய் கடித்துச் செத்தார். மறுபடி, மறுபடி. பிறகு சண்டையே வேண்டாம் என்று ஆற்றங்கரையோடு மேலே நடந்தார். சுவரைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், பனி வருவதைப் பார்த்தார். இதற்கு அந்தப் பக்கம் என்ன என்று அவளைக் கேட்டார். அத்தனை நாளும் அந்தக் கதையைக் கேட்டிருந்தவர், அங்கே நின்றதும் புதிதாகக் கேட்டார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

விற்பனை ஓகோ என்று இல்லை, மோசமும் இல்லை. நிறுவனம் தலைநிமிர்ந்து நிற்கும் அளவுக்கு ஓடியது. ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. விளையாடியவர்கள் காணாமல் போன கடலைத் தேட ஆரம்பித்தார்கள். விளக்குத் தூண்கள் எங்கெங்கே நிற்கின்றன, எந்தத் துறைக்கு எத்தனை படகுத் தூண் என்றெல்லாம் குறித்து, தீவு தீவாக ஆழியின் வரைபடத்தை இணையத்தில் அவர்களே போட்டார்கள். அவற்றில் ஒன்று அவள் வைத்திருந்த வரைபடத்துக்கு வெகு அருகில் வந்தது. உண்மையான வரைபடத்தை வெளியிடலாமா என்று பத்ரி கேட்டபோது, வேண்டாம், அவர்கள் போட்டதும் வரைபடம்தான் என்றாள்.

அந்தச் சமயத்தில் லூர்துசாமி என்பவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் இரண்டாம் நிலை அதிகாரி. தேரி என்ற பெயரைப் பார்த்ததுமே இதைச் செய்தவர் நம்ம ஆள் என்று தெரிந்துவிட்டதாக எழுதியிருந்தார். பாராட்டிவிட்டு, ஒரு தவறையும் சொல்லியிருந்தார். வடதுறையில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு விளக்குத் தூண்கள். அந்த இரண்டும் ஒரே கோட்டில் தெரியும்படி கப்பலைத் திருப்பித்தான் மாலுமி உள்ளே வருவான். மலை ஒன்றே என்பதால், துறைக்குக் கீழ்ச்சரிவில் தெரியும் பாறை கடலிலும் இருக்கும்; அப்படி வந்தால் கப்பல் நேராக அந்தப் பாறையில் ஏறும்.

வைஜயந்தி வரைபடத்தைத் திறந்து, அளவுகோலை வைத்துப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. கீழ்த்தூணைக் கொஞ்சம் கிழக்கே நகர்த்தினால் தீர்ந்துவிடும். அடுத்த திருத்தப் பதிப்பில் யாரும் கவனிக்காமலே செய்துவிடலாம் என்றான் இஸ்மாயில். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, தூணை நகர்த்து, ஆனால் பழைய தூணின் அடித்தளத்தை இடிக்காமல் விடு என்றாள். வடதுறை ஊரின் சில வீடுகளுக்குக் கூரை உத்தரமாக வளைந்த கப்பல் மரங்களை வைக்கச் சொன்னாள். பாறையில் உடைந்த கப்பலின் மரம் துறை வழியாக மிதந்து வந்திருக்கும், ஊர்க்காரர்கள் எடுத்து வீடு கட்டியிருப்பார்கள். லூர்துசாமிக்குத் தமிழிலேயே பதில் எழுதினாள்: தப்பு என்னுடையதுதான், அதை அந்த ஊரும் செய்ததாக ஆக்கிவிட்டேன், அடுத்த முறை வடதுறைக்குப் போனால் வீடுகளுக்குள் நுழைந்து அண்ணாந்து பாருங்கள்.

இஸ்மாயில் முதல் வீட்டை வரைந்து முடித்து, எத்தனை கப்பல் தாயி, ஒன்று போதுமா என்று கேட்டான்.

மூன்று போடு என்றாள்.

ஒரு கப்பல் உடைந்ததுமே விளக்கை மாற்றியிருக்க மாட்டார்களா என்றான் அவன்.

“முதல் கப்பலுக்கு மாலுமியைத் திட்டியிருப்பாங்க” என்று அவள் மராத்தியில் சொன்னாள். “ரெண்டாவதுக்குக் காத்தைத் திட்டியிருப்பாங்க. மூணாவது உடைஞ்ச அப்புறந்தான் அளந்து பார்த்திருப்பாங்க.”

இஸ்மாயில் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டின் கூரையைப் பிரித்தான்.